கேப்டன் வாரக்கின் கடைசி வசனம்

'நிலாத்துறை' தொடரில் மொத்தம் பதின்மூன்று எபிசோடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணிக்கையில்தான் எனக்கும் உலகத்துக்கும் சண்டை. தமிழில் பத்துதான் வந்தது என்பார்கள். நான் பதின்மூன்றையும் தமிழில் பார்த்தவள். இராஜாக்கமங்கலம் துறையில், எங்கள் வீட்டு டிவியில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

2004 ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் நின்றுபோன ஒரு கார்ட்டூனுக்கு எட்டு வருஷம் கழித்து இணையத்தில் ரசிகர் பக்கம் நடத்துகிறவளுக்கு மண்டையில் ஏதோ கழன்றிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் அதில் தப்பில்லை. அப்போது நான் நாகர்கோவிலில் கல்லூரி இரண்டாம் வருஷம். அந்த ரசிகர் பக்கத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அதில் பாதிப்பேரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

கதை இதுதான். தண்ணீர் வற்றிப்போன ஒரு நிலவு. அங்கே கடல் முழுக்கத் தூசி. வெளிச்சத்தைப் பாயில் பிடித்துக் கப்பல்கள் ஓடும். எஞ்சின் மக்கர் செய்தால் மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மந்திரம் சொல்வான், அதுவும் கேட்டுக்கொண்டு ஓடும். கேப்டன் வாரக், அவருடைய பதினோரு வயது மகள் செல்மி, அவர்களை விரட்டும் தூசி அரசி. படம் வரைந்தவர்கள் சோம்பேறிகள். அலை எழும்பும் ஒரே காட்சியை எபிசோடுக்கு நாலு தடவை போடுவார்கள். ஐந்தாம் எபிசோடில் செல்மிக்கு வலது கையில் ஆறு விரல். இதையெல்லாம் நான் சொல்லலாம், வேறு யாராவது சொன்னால் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்து வந்தால் பதினொன்றரைக்குத் தொடங்கும். முதல் இரண்டு வாரமும் நான் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். என் அப்பா மரியஜான் மே மாதம் கொச்சியிலிருந்து சுறா பிடிக்கப் போன படகில் இருந்தார். ஆறு பேர் போனார்கள். நடுவில் புயல் வந்தது. அதற்குப் பிறகு ஆளும் வரவில்லை, படகின் ஒரு பலகைகூட வரவில்லை.

மூன்றாம் எபிசோடில் கேப்டன் வாரக் தூசிப்புயலில் காணாமல் போனார். அன்றைக்குத்தான் நான் டிவிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா வருவாரா என்று பெரியவர்களிடம் கேட்டால் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ஒருத்தி கப்பலை எடுத்துக்கொண்டு நேரே தேடப் புறப்பட்டாள். எனக்கு அது போதும்.

பத்தாம் எபிசோடோடு சேனல்காரர்கள் தொடரை நிறுத்திவிட்டு வேறு எதையோ போட்டார்கள். செல்மி நடுத்தூசியில் நிற்கிறாள், கேப்டன் எங்கே என்று தெரியாது. நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன் என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவிருப்பது, கேபிள்காரர் ரசலையண்ணன் கடைவாசலில் போய் நின்று கத்தியதுதான். அவர் கடற்கரைத் தெருவில் ஒற்றை அறையில் லோக்கல் சேனல் நடத்திவந்தார். அந்தச் சேனலில் ஊர்ச் செய்தியும், திருவிழாவும், சிடியில் படமும் ஓடும். நானும் இன்னும் பத்திருபது பிள்ளைகளும் விடாமல் நச்சரித்தோம். செப்டம்பரில் டிவித் திரையின் அடியில் ஒரு வரி ஓடியது. பிள்ளைகளின் வேண்டுகோளுக்கிணங்க 'நிலாத்துறை' தொடர்ச்சி, ஞாயிறு பதினொன்றரை மணிக்கு. மூன்று ஞாயிறு, மூன்று எபிசோடு.

பதின்மூன்றாம் எபிசோடில் செல்மி அப்பாவைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அரசியின் கப்பல் நெருங்குகிறது. கேப்டன் தூசிக்குள் இறங்கி, சிக்கிக்கொண்ட நங்கூரத்தை அறுத்துவிடுகிறார். கப்பல் நகர்கிறது, அவர் கீழே போகிறார், ஒரு கை மட்டும் மேலே தெரிகிறது. அப்போது அவர் குரல் கேட்கும்.

"மக்கா, நான் அந்தப் பக்கம் போய் கரை ஏறி வாறேன். நீ கப்பலை விடு."

இதுதான் எனக்குப் பாடமாகிப்போன வசனம். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எட்டு வருஷமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் கரை இருக்கிறது, ஏறி வர நாளாகும். பத்து வயதில் இது நம்பிக்கை. பதினெட்டு வயதிலும் அப்படியே வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

படகில் போன மற்ற ஐந்து பேர் வீட்டிலும் ஒரு வருஷத்துக்குள், இறந்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசை வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வைக்கவில்லை. யாருக்காகப் பூசை என்று கோயிலில் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு சீட்டு, இறந்தவர்களுக்கு வேறு சீட்டு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் அப்பா பிறந்தநாளுக்கு நான்தான் எழுதுவேன். மரியஜான், உடல்நலத்துக்காக. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வேளாங்கண்ணி அதை வாங்கி ஒருமுறை படிப்பார், என்னைப் பார்ப்பார், பெட்டியில் போடுவார்.

2012 அக்டோபர் கடைசியில் அம்மா கேட்டாள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். கல்லறை இருக்கிறவர்கள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். கடலில் போனவர்களுக்கு நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் ஏற்றுவார்கள். அம்மா இரண்டுமில்லாமல் தோட்டத்து வாசலில் நிற்பாள். நான் அவள் பக்கத்தில் நிற்பேன்.

"இந்த வருஷம் அப்பா பேரை அந்தச் சீட்டுல எழுதுவியா மக்கா?" என்றாள்.

எந்தச் சீட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முடியாது என்றேன். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது என்ன வந்தது என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், அண்டைவீட்டு அஜிதா ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாரும் சிலுவைகிட்ட திரி கொளுத்துதாவ. நான் வாசல்ல நிக்கேன். எட்டு வருஷமா நிக்கேன். எனக்கும் ஒரு இடம் வேணும்லா."

அப்படியானால் வேளாங்கண்ணியிடம் எழுதச் சொல், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். நீ எழுதினால்தான் கொடுப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மீன்கூடையை எடுத்துக்கொண்டு ஈத்தாமொழிக்கு விற்கப் போய்விட்டாள். நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தை எடுத்தேன், வைத்தேன், சோறு போட்டேன், சாப்பிடவில்லை. கடைசியில் போனை எடுத்துக்கொண்டு என் ரசிகர் பக்கத்துக்குள் போனேன், அங்கே யாருடனாவது சண்டை போட்டால் கொஞ்சம் ஆறும் என்று.

அங்கே 'தூசிமாலுமி' என்ற பெயரில் ஒருவன் இருந்தான். சேலமோ தர்மபுரியோ, யாருக்குத் தெரியும். என்னோடு அதிகம் மல்லுக்கு நின்றவன் அவன்தான். அன்றைக்கு அவன் ஒரு வீடியோவை ஏற்றியிருந்தான். வெளிநாட்டிலிருந்து மூல டிஸ்க் வரவழைத்தானாம், அடியில் ஆங்கில எழுத்து ஓடுவது. பதின்மூன்றாம் எபிசோடின் கடைசி ஆறு நிமிஷம்.

அதே தூசி, அதே நங்கூரம், அதே கை. ஆனால் குரல் இல்லை. கேப்டன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கை உள்ளே போகிறது, தூசி மூடுகிறது. செல்மி கத்துகிறாள். பிறகு சுக்கானைப் பிடிக்கிறாள். அடுத்த காட்சியில் கப்பல் துறைக்கு வருகிறது, எல்லாரும் தொப்பியைக் கழற்றுகிறார்கள், மெக்கானிக் கேப்டனின் கோட்டை ஒரு கம்பத்தில் மாட்டுகிறான். கோட்டு மாட்டுகிற காட்சியை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு வந்ததில் கை தெரிந்ததோடு 'முற்றும்' போட்டுவிட்டார்கள்.

இது வெட்டி ஒட்டியது என்று எழுதினேன். தமிழில் கேப்டன் பேசுகிறார், எனக்கு வரிக்கு வரி தெரியும் என்று எழுதினேன். கோபத்தில், அதுவரை யாருக்கும் காட்டாத அந்த வசனத்தையும் அப்படியே எழுதிவிட்டேன். போதாதென்று பதினோராம் எபிசோடில் தூசி அரசி கேட்ட 'ஏலே, எவம்ல அங்க' என்பதையும் ஆதாரமாகப் போட்டேன்.

ரசிகர் பக்கத்தில் ஒரே சிரிப்பு. தூசிமாலுமி மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டான். சென்னையில் எந்த டப்பிங் ஸ்டுடியோவில் கேப்டன் மகளை 'மக்கா' என்று கூப்பிடுவார்?

முதல் பத்து எபிசோடில் கேப்டன் 'மகளே' என்பார். பதினொன்றிலிருந்து 'மக்கா' என்பார். தூசி அரசி எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவள் மாதிரிப் பேசினாள். செல்மிக்குக் கொஞ்சம் மலையாள வாடைகூட வந்துவிட்டது. எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. உறைக்காததற்குக் காரணம், அவர்கள் அப்போதுதான் சரியாகப் பேசத் தொடங்கினார்கள் என்று நான் நினைத்திருந்ததுதான்.

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் தக்கலை வழியாகத் திருவட்டாறுக்குப் பஸ் ஏறினேன். ரசலையண்ணன் அங்கேதான் இருந்தார். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது அவருடைய அறையும் மெஷினும் அத்தனை சிடியும் போய்விட்டன. கிறிஸ்மஸுக்கு மனைவி வீட்டுக்குப் போயிருந்ததால் ஆட்கள் தப்பினார்கள். திரும்பி வரவில்லை. திருவட்டாறு கோயில் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்துவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். பத்து வயதுப் பிள்ளையை ஏமாற்றியதற்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் வரக்கூடாது.

என்னைப் பார்த்ததும் அவர், "நீ மரியஜான் மகளாக்கும்," என்றார். முகம் அப்படியே அப்பாவாம். நாலு வார்த்தையில் இரண்டு அங்கேயே போய்விட்டது.

'நிலாத்துறை' என்றதும் மனிதர் குதூகலமாகிவிட்டார். உள்ளே கை காட்டி மனைவி ஓமனாவைக் கூப்பிட்டார். டவுனில் ஒருவரிடம் மூல சிடி கிடைத்ததாம். என்ன பாஷை என்றே தெரியாதாம். சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டு தடவை படத்தை மட்டும் பார்த்து, நாற்பது பக்க நோட்டில் இருவருமாக வசனம் எழுதினார்களாம். ஆண்குரல் எல்லாம் அவர், பெண்குரல் எல்லாம் ஓமனாக்கா. திருவிழாவுக்கு வைத்திருந்த மைக்கில் பேசினார்களாம். சொல்லிக்கொண்டே கடையில் நின்ற ஆட்கள் முன்னால் தூசி அரசி மாதிரிக் கத்திக் காட்டினார். ஓமனாக்கா சிரித்துக்கொண்டே டீ கொண்டுவந்தாள்.

கடைசி எபிசோடில் கேப்டன் சாகிறார், அதை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது. மனைவியைப் பார்த்தார்.

"அத ஒங்க அம்மைட்டல்லா கேக்கணும்," என்றார்.

ஓமனாக்காதான் சொன்னாள். அந்த வாரம் அவர்கள் கடைசி சிடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மீன் கொண்டுபோயிருக்கிறாள். வழக்கமாக வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறவள் அன்று டிவியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். கேப்டன் உள்ளே போகிறார், தூசி மூடுகிறது, கம்பத்தில் கோட்டு மாட்டுகிறார்கள். அம்மா தலையிலிருந்து கூடையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம் பிள்ளை இதப் பாக்கதுக்குத்தான் காத்திருக்கு, இந்தாளு செத்ததா சொல்லாதியோன்னு கேட்டாவ," என்றாள் ஓமனாக்கா. "படத்துல அப்படித்தானே இருக்கு, நாங்க என்ன செய்யன்னு இவரு கேட்டாரு. கோட்டு மாட்டுகத வெட்டிருங்கோ, கை தெரியுகதோட நிப்பாட்டுங்கோன்னாவ. பொறவு, அவரு போறதுக்கு முன்ன என்ன சொல்லணும்னும் அவுகளே சொல்லித் தந்தாவ. நான் நோட்டுல எழுதினேன்."

என்ன சொல்லச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓமனாக்கா சொல்லியிருப்பாள், அதை நான் அங்கே ஜெராக்ஸ் கடையில் நின்று கேட்க வேண்டியிருந்திருக்கும்.

"ஒங்க அம்மைக்கு அப்பமே தெரியும் மக்களே," என்றார் ரசலையண்ணன். "மரியஜான் வரமாட்டாம்னு அன்னைக்கே எங்ககிட்ட சொல்லிட்டாவ. பிள்ளை கொஞ்சம் பெருசாகட்டும், பொறவு பூசை வைக்கேன்னாவ."

டீயை முழுசாகக் குடித்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏறினேன். எட்டு வருஷம் நான்தான் அப்பாவை உயிரோடு வைத்திருக்கிறேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டது, எனக்குப் போகவில்லை என்று அவளை மனதுக்குள் குறைவாக நினைத்தும் இருக்கிறேன். அவளோ நான் பெரிதாகட்டும் என்று கல்லறைத் தோட்டத்து வாசலில் வருஷாவருஷம் நின்றிருக்கிறாள். நான் பெரிதாகவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. அம்மா குழாயடியில் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பையைக்கூட இறக்காமல் போய் எதிரே நின்றேன்.

"அந்தக் கேப்டன் செத்துப்போயிட்டாரும்மா," என்றேன்.

அம்மா நிமிரவில்லை. கூடையைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கப்பலு?" என்று கேட்டாள்.

"கரைக்கு வந்துட்டு."

"ஆரு கொண்டு வந்தா?"

"செல்மிதான். அவ தனியாத்தான் ஓட்டீட்டு வந்தா."

அம்மா குழாயை மூடினாள். கூடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"தனியாவா," என்றாள். "பாவம். கஷ்டப்பட்டிருப்பா."

நான் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டேன். மீன்வாடையும் ஈரமுமாக இருந்தாள். அஜிதா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். இருவரும் அழுதோம், யார் முதலில் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை.

சீட்டு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள், விவிலியத்துக்குள். நான் மேசையில் வைத்து எழுதினேன். மரியஜான், ஆன்ம இளைப்பாற்றிக்காக. அம்மா அதைக் கையில் வாங்கி, இதில் அவர் பெயர் எது என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேளாங்கண்ணியிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டாம் தேதி கல்லறைத் தோட்டத்தில் நல்ல காற்று. திரி மூன்றுமுறை அணைந்தது. நாலாவது முறை அம்மா முந்தானையால் மறைத்துப் பிடிக்க நான் கொளுத்தினேன். சாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து அப்பா பெயரை வாசித்தபோது அம்மா சிலுவையின் அடிக்கட்டையில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் இருந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் ரசிகர் பக்கத்தில் எபிசோடு பட்டியலைத் திருத்தினேன். தமிழில் தொலைக்காட்சியில் வந்தது பத்து, மீதி மூன்று இராஜாக்கமங்கலம் துறையில் மட்டும் ஒளிபரப்பானது, குரல் ரசலையன், ஓமனா என்று எழுதினேன். தூசிமாலுமியிடம் மன்னிப்புக் கேட்டேன், அரைமனதாகத்தான். பதின்மூன்றாம் எபிசோடுக்கு நேரே தனியாக ஒரு வரி சேர்த்தேன். கடைசி வசனம், ஞானசெல்வி.

அது யார் என்று அவன் கேட்டிருந்தான். என் அம்மா என்று பதில் போட்டேன்.